சாதாவா, சிந்தடிக்கா

கண்ணாடிக்காரருக்கு மூன்று நாளாகவே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் காரிடம் போகத் தோன்றியது. காரிடம் போனால் பானெட்டைத் திறக்கத் தோன்றியது. திறந்து, ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஆயில் நேற்று இருந்த மட்டத்தில்தான் இருக்கும், நேற்று இருந்த கறுப்பில்தான் இருக்கும். ஆயிலுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கிறது. மனுஷனுக்குத்தான் மண்டை குடைந்தது.

இத்தனைக்கும் ஊர்க் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்லுகிறவர் அவர். கடைத்தெருக் கோடியில், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்கும் அவருடைய கண்ணாடிக் கடை. உள்ளே இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. வந்தவர்கள் இழுத்தால் அவருக்குப் பொறுக்காது. "யோசிக்காம சொல்லுங்க. யோசிச்சா கண்ணு குழம்பிடும்" என்பார். அப்படிச் சொல்லுகிற வாய், காருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று வந்தபோது மூன்று நாளாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாதா ஆயிலா, செயற்கையாகத் தயாரித்த சிந்தடிக்கா? கேள்வி அவ்வளவுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அந்தக் கார் எங்கே போக வேண்டும் என்று தெரியாது.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில் அவருடைய மாமியாருக்கு இதயத்தில் ஆபரேஷன். வியாழக்கிழமை என்று டாக்டர்கள் நாள் குறித்திருந்தார்கள். மாமியாரை வைத்துப் பார்த்துக்கொள்வது சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். புதன்கிழமை காலையில் காரில் கிளம்பி மத்தியானத்துக்குள் போய்ச் சேருவதாக ஏற்பாடு. ஆபரேஷனுக்கு உள்ளே போகும் முன் மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வயதானவர், உடம்பில் சத்து இல்லாதவர். உள்ளே போகிறவர் எப்படி வெளியே வருவார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் அதுதான் நெஞ்சில் இருந்தது.

கண்ணாடிக்காரருக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. போன வருஷம் மாமனார் சாகக் கிடந்தபோது இதே காரில், இதே மலைப்பாதையில்தான் இருவரும் கிளம்பினார்கள். பாதி மலை ஏறியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏதோ வயர் கோளாறாக இருக்கும், மேலே ஏறியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மேலே ஏறும் முன்பே இன்ஜின் ஒரு முனகல் முனகி, இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. ஆயில் எப்போதோ கசிந்து தீர்ந்திருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாமனாரைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். மனைவி அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்காக அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. நாலு தட்டு பறந்திருந்தால் இன்னும் தேவலை. அவள் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிறவள். ஒரு பார்வை பார்த்து, இந்தக் கட்டு இங்கே, அந்தக் கட்டு அங்கே என்று பொந்துகளில் எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள், எறிந்ததைத் திரும்பி எடுக்க மாட்டாள். தன்னை எந்தப் பொந்தில் எறிந்திருக்கிறாள் என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு வருஷமாகத் தெரியவில்லை.

ஆகவே இந்த முறை கார் நிற்கக் கூடாது. இன்ஜினைப் போன வருஷமே பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கட்டியாகிவிட்டது. இப்போது பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்ற வேண்டும். எதை ஊற்றுவது?

இன்ஜினைக் கட்டிக் கொடுத்த மெக்கானிக் சாதா ஆயில் கட்சி. ஸ்பானரைக் காது குடைய மட்டும்தான் பயன்படுத்தவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவார்.

"சார், இது வயசான வண்டி. உள்ள அங்கங்க அழுக்கு படிஞ்சு, அதுவே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்குது. சிந்தடிக் ஊத்தினீங்கன்னா அது எல்லாத்தையும் கழுவி விட்டுடும். அப்புறம் ஒவ்வொரு ரப்பர் சீலா ஒழுகும். நல்லாத் தூங்குறவனை எதுக்கு எழுப்புறீங்க?"

"அப்ப சாதாவே ஊத்திடலாமா?"

"ஊத்துங்க. ஆனா மலை ஏறுறப்ப கொஞ்சம் பார்த்து ஏறுங்க."

இந்த 'ஆனா'தான் கண்ணாடிக்காரரைத் தின்றது. ஒழுகும் என்ற சொல்லே போதும், அவர் கை தானாக ஆயில் குச்சிக்குப் போய்விடும். ஆனால் மலை ஏறுவதற்காகத்தானே இத்தனை பாடும்?

சகலை சிந்தடிக் கட்சி. லாரி கம்பெனி ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறவர், ஆயில் என்று சொன்னால் மூக்கில் வியர்த்துவிடும்.

"அண்ணே, அந்த மெக்கானிக் சொல்றதை எல்லாம் நம்பாதீங்க. இன்ஜினைப் பிரிச்சுக் கட்டியாச்சு, அப்புறம் அழுக்கு எங்க இருக்கு? ஏத்தத்துல இன்ஜின் கொதிக்கும். சாதா ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும். சிந்தடிக் அப்படியே பிடிச்சு நிக்கும். எங்க லாரி எல்லாம் அதுலதான் ஓடுது."

"ஒழுகும்னு சொல்றாரே?"

"ஒழுகினா ஒழுகட்டும், ஒரு டின் கையில வச்சுக்கங்க."

ஒழுகட்டுமாம். சொல்லுகிறவருக்கு என்ன, அவர் மாமியார் பக்கத்து அறையில் இருக்கிறார்.

இப்படியாக மூன்று நாள் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைக்குக் கண் பார்த்தார். "இது தெளிவா, இதுவா?" என்று கேட்டார். "ரெண்டாவது" என்றாள் ஆசிரியை. "ரெண்டாவதுல சின்ன எழுத்து கலங்கலையே? முதல்லதுலயே பழகின கண்ணாச்சே, திடீர்னு மாத்தினா உள்ள இருக்கறதெல்லாம்..." என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஆசிரியை சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சார், உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டாள். அதற்குமேல் கடையில் இருப்பது வியாபாரத்துக்கு நல்லதில்லை என்று அவருக்கே பட்டது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி லீவு போட்டிருந்தாள். படுக்கையறையில் பையை விரித்து வைத்து அம்மாவுக்காகத் தைத்த முன்பக்கம் திறக்கிற மேல்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தூக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருங்களேன்" என்றாள்.

"இதோ, ஆயில் வேலையை முடிச்சிட்டு வந்துடறேன்."

"மெக்கானிக்கிட்ட விட்டா அவர் முடிச்சுத் தர மாட்டாரா?"

"இந்தத் தடவை என் கையாலேயே பண்ணினாத்தான் எனக்கு நிம்மதி."

அவள் இன்னொரு மேல்சட்டையை எடுத்து மடித்தாள். அவள் உட்காரச் சொன்னது ஆயிலைப் பற்றிப் பேச அல்ல என்பது கூட அவருக்குப் புரிந்தது. ஆனால் உட்கார்ந்தால் அம்மாவைப் பற்றிப் பேச்சு வரும், அம்மாவிலிருந்து அப்பாவுக்குப் போகும், அப்பாவிலிருந்து மலைக்குப் போகும். அதற்குக் காருக்கு அடியில் படுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

இங்கேதான் கண்ணாடிக்காரர் ஒரு காரியம் செய்தார். எந்த மனுஷனும் முதலில் ஆயிலை வாங்கி வைத்துக்கொண்டுதான் பழையதை இறக்குவான். வாங்குவதற்கு முடிவெடுக்க வேண்டுமே, அது முடியவில்லை. சரி, முதலில் இறக்கிவிடுவோம், இறக்கிவிட்டால் வேறு வழியில்லாமல் ஏதாவது ஒன்றை வாங்கித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டார். தன்னைத் தானே பின்னாலிருந்து தள்ளிவிடுகிற கணக்கு. நல்ல யோசனையாகவே பட்டது. காருக்கு முன்சக்கரத்தில் முட்டுக் கொடுத்து, அடியில் பழைய பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, அடிப் போல்ட்டைக் கழற்றினார். கறுப்பு ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்து தொட்டியில் இறங்கியது. கையைத் துணியில் துடைத்தார், துணிதான் கறுத்தது. அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆயில் கடைக்குப் போனார்.

ஆயில் கடைக்காரம்மாவுக்கு அன்றைக்குப் பல்வலி. கன்னத்தோடு சேர்த்துத் தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டியிருந்தாள். அவர் கேட்டதும் இரண்டு டின்னையும் மேஜைமேல் எடுத்து வைத்தாள். ஒன்று சாதா, ஒன்று சிந்தடிக். இரண்டையும் பார்த்தார். சாதாவைக் கையில் எடுத்தார், வைத்தார். சிந்தடிக்கை எடுத்துப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார், வைத்தார். பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி சாதாவை எடுத்தார்.

"எது சார் வேணும்?" என்றாள் கடைக்காரம்மா, பாதி வாயால்.

"எது நல்லா ஓடும்?"

"ரெண்டும் ஓடும்."

"மலைக்கு?"

"மலைக்கு நான் போனதில்லை சார்."

பக்கத்தில் நின்ற வேன் டிரைவரிடம் கேட்டார். "எது கையில கிடைக்குதோ அதை ஊத்துவேன்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவன் பாடு நிம்மதி. சின்ன எழுத்தைப் படிக்கிறவனுக்குத்தான் எல்லா வினையும் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி. சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுகிறாள் போலிருக்கிறது, இதோ இந்த ஒன்றை முடித்துக்கொண்டு பேசலாம் என்று துண்டித்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார்.

"சார், நீங்க எடுத்துக்கலைன்னா ரெண்டையும் உள்ள வச்சிடறேன். எனக்குப் பல்லு பிடுங்கப் போகணும்" என்றாள் கடைக்காரம்மா.

"ஒரே ஒரு நிமிஷம். ஒருத்தர்கிட்டக் கேட்டுடறேன்."

சகலையைக் கூப்பிட்டார். எடுத்ததும் மூச்சு விடாமல் ஆரம்பித்தார். "கடையிலதான் நிக்கிறேன். சிந்தடிக்கே வாங்கிடறேன்னு வைங்க, அந்த சீல் மட்டும்..."

"அண்ணே" என்றார் சகலை. ஆயில் என்று சொன்னால் நாள் முழுக்கப் பேசுகிற மனுஷன், குரலே வேறு மாதிரி இருந்தது. "உங்களுக்கு அக்கா சொல்லலையா?"

"என்னத்தை?"

"அத்தைக்குக் காலையிலேர்ந்து மூச்சு வாங்குது. வியாழக்கிழமை வரைக்கும் தாங்காது, இன்னிக்கே செஞ்சிடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாயங்காலம் உள்ள கொண்டு போறாங்க. பார்க்கணும்னு இருக்கறவங்க அதுக்குள்ள வந்து பார்த்துடுங்கன்னு சொன்னாரு. நீங்க இன்னுமா கிளம்பலை?"

கண்ணாடிக்காரர் இரண்டு தடவை துண்டித்த போனைப் பார்த்தார். எதிரே இரண்டு டின் இருந்தன. அந்த நிமிஷத்திலாவது ஒன்றை எடுத்தாரா என்றால் இல்லை, இரண்டையும் எடுத்தார். பணத்தை மேஜைமேல் போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் காலிடுக்கில் இரண்டு டின்னையும் இடுக்கிக்கொண்டு பறந்தார்.

கார் ஷெட் வாசலில் மனைவி பையோடு நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். முட்டுக் கொடுத்து நின்ற காரையும் அடியில் தொட்டி நிறையக் கறுப்பு ஆயிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்" என்றாள்.

"தெரிஞ்சுபோச்சு. தம்பி சொல்லிட்டாரு. இதோ, ஊத்தினதும் கிளம்பிடலாம். பத்து நிமிஷம்."

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாற்போல் எடுத்த டின் சிந்தடிக்காக இருந்தது. மூடியைத் திருகி, புனல்கூட வைக்காமல் ஊற்றினார். தேன் நிறத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. முழு டின்னையும் கவிழ்த்துவிட்டு அப்பாடா என்று நிமிர்ந்தபோது மனைவி அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி நிறைந்து, விளிம்பு தாண்டி, புது ஆயில் பழைய ஆயிலையும் தள்ளிக்கொண்டு ஷெட் தரையில் பரவி, அவள் செருப்பு வரைக்கும் வந்திருந்தது. அடிப் போல்ட்டை அவர் போடவே இல்லை.

கண்ணாடிக்காரர் சட்டென்று மண்டியிட்டு, துழாவிப் போல்ட்டைத் தேடி எடுத்தார்.

"ஒண்ணும் ஆகலை. இன்னொரு டின் இருக்கு. சாதாதான், மெக்கானிக் சொன்னது. போல்ட்டைப் போட்டு இதை ஊத்திட்டாப் போதும். பத்தே நிமிஷம்."

"நான் பஸ்ல போறேன்" என்றாள் மனைவி.

"பஸ் எல்லா இடத்திலயும் நின்னு நின்னு போகும். கார்ல போனா அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடலாம். பத்து நிமிஷம் பொறு."

"அன்னிக்கும் பத்து நிமிஷம்னுதான் சொன்னீங்க."

அவர் காருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டினார். ஒரு வருஷமாக எந்தப் பேச்சுக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தாரோ அது வந்துவிட்டது.

"ஆயில் விளக்கு எரிஞ்சப்ப நான் நிறுத்தியிருக்கணும்" என்றார். "தெரியும். என் தப்புதான். தினமும் நினைச்சுக்கறேன்."

"ஆயிலை யாருங்க கேட்டா?" அவள் கத்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "வண்டின்னா நிக்கும். அதுக்கு நான் கோவிச்சுக்கலை. நின்னப்புறம் நீங்க பானெட்டைத் திறந்து தலையை உள்ள விட்டுக்கிட்டீங்க. நமக்குப் பின்னாலயே ஒரு பஸ் வந்துச்சு. டிரைவர் நிறுத்தி, வர்றீங்களான்னு கேட்டாரு. நாம பஸ்ல போயிடலாம்னு நான் உங்க தோளைத் தொட்டுச் சொன்னேன். பத்து நிமிஷம்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் இன்னொரு பஸ்ஸும் போச்சு. அதுல போயிருந்தாக்கூட அப்பா முகத்தைப் பார்த்திருப்பேன்."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களை அந்த மலையில தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. அதான் நான் செஞ்ச தப்பு. இன்னிக்கு மனசு வருது."

பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பை வாசல்படியில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டு நடந்தாள். கேட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. போல்ட் கையில் இருக்கிறது. டின் பக்கத்தில் இருக்கிறது. இந்த முறை நிஜமாகவே பத்து நிமிஷ வேலைதான். ஊற்றிக்கொண்டு போனால் அவளைப் பஸ் நிறுத்தத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம், வழியில் பஸ்ஸையும் முந்தலாம். எந்த வாத்தியாரிடம் காட்டினாலும் சரி போடுகிற கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டபடியே போல்ட்டைத் துளையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அப்போதுதான், தன் முதுகுக்குப் பின்னால் இந்த நிமிஷம் அவள் நடந்துபோய்க்கொண்டிருக்கிறாள், தான் மறுபடி ஒரு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. போல்ட்டை அப்படியே விட்டார். பானெட் திறந்து கிடந்தது, ஷெட் திறந்து கிடந்தது. எழுந்து ஓடினார்.

தெருமுனை வரை போனதும் பழக்கதோஷம், கால் நின்றது. பானெட்டையாவது மூடிவிட்டு வந்திருக்கலாமோ? ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகு தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு மறுபடி ஓடினார்.

பஸ் வந்து நின்றிருந்தது. மனைவி படியில் ஒரு காலை வைத்திருந்தாள். மூச்சிரைக்க வந்து நின்றவரை, தலைமுதல் கால்வரை ஆயில் அப்பியிருந்தவரை, ஒரு பார்வை பார்த்தாள்.

"ஷெட்டைப் பூட்டினீங்களா?"

"இல்லை."

"பானெட்?"

"திறந்தே இருக்கு."

அவள் உள்ளே ஏறினாள். பின்னாலேயே அவரும் ஏறினார். டிரைவர் அவர் கையைப் பார்த்து, சீட்டைத் தொடாமல் உட்காரச் சொன்னார். தொடாமல் எப்படி உட்காருவது என்று தெரியாமல், இரண்டு கையையும் ஏந்தியபடி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

பஸ் அவர் சொன்ன மாதிரியேதான் போயிற்று. எல்லா இடத்திலும் நின்றது. ஒரு கிழவர் இறங்குவதற்குள் உயிர் போய் வந்தது. ஒருத்தி ஏறிவிட்டு, கீழே நிற்கிறவளிடம் சாவி எங்கே இருக்கிறது என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரருக்குத் திறந்து பார்க்க எதுவும் இல்லை, துடைத்துப் பார்க்க எதுவும் இல்லை. காரை எடுத்திருந்தால் இந்நேரம் எங்கே இருப்போம் என்று மனசு போட்டுக்கொண்டே இருந்த கணக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். மலை ஏறத் தொடங்கியது. ஓரிடத்தில் மனைவி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்த இடம் என்று அவருக்கும் தெரிந்தது.

"அன்னிக்கு நீ பஸ்னு சொன்னது எனக்குக் காதுலயே விழலை" என்றார்.

"விழுந்திருந்தா வந்திருப்பீங்களா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "வந்திருக்க மாட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தலையை மெல்ல ஆட்டிவிட்டு, மடியில் இருந்த பையை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி, அவர் கையை அதன்மேல் வைத்துக்கொள்ளும்படி சைகை செய்தாள். புதுப் பை. அவர் தயங்கினார். "வைங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சகலை நின்றிருந்தார். அவர்களைக் கண்டதும் ஓடி வந்தார். "வாங்க, சீக்கிரம் வாங்க. முன்னாடி ஆபரேஷனுக்குப் போனவருக்கு நேரம் இழுத்துடுச்சு. இப்பத்தான் அத்தையைத் தள்ளிக்கிட்டுப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினார். நீளமான நடைபாதை. மருந்து வாசனை. கோடியில் ஒரு தள்ளுவண்டி படுக்கை, இரண்டு பக்கமும் இரண்டு நர்ஸ்கள். மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மாமியார் படுக்கையில் இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தார். மகளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். மகள் குனிந்து முகத்தோடு முகம் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. நர்ஸ்கள் நல்லவர்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக்காரர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். நேரத்துக்கு வந்துவிட்டோம், வந்துவிட்டோம் என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மாமியாரின் கண் அவரைத் தேடிப் பிடித்தது. உடம்புதான் ஒடுங்கியிருந்தது, வாய் ஒடுங்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, இது என்ன கோலம்? காரை ஓட்டிட்டு வந்தீங்களா, தள்ளிட்டு வந்தீங்களா?"

"கார் வரலை அத்தை" என்றார். "அதை விட்டுட்டு வந்துட்டோம். பஸ்ல வந்தோம்."

மாமியார் அவரையே பார்த்தார். மூச்சு வாங்கியது. ஒரு நர்ஸ், பேச வேண்டாம் என்று தோளைத் தொட்டாள். அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"போன வருஷமே அப்படி வந்திருக்கலாம்."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கண்ணாடிக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை இல்லை.

"வந்திருக்கலாம் அத்தை" என்றார்.

வண்டி நகர்ந்தது. மகள் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கதவுக்குக் கிட்டே போனதும் மாமியார் தலையைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவரைக் கையைக் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிடச் சொல்லு. நான் போயிட்டு வர்றேன்."